பாடக்குறிப்பு நோட்டின் ஓரத்தில் தெரிந்தவை

பி.எட். கல்லூரியில் செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் எப்படி இருக்கும் என்பது அங்கே படித்தவர்களுக்கும் பாடம் நடத்தியவர்களுக்கும் நன்றாகத் தெரியும். பாடக்குறிப்பு (ஒரு வகுப்பை எப்படி நடத்துவது என்று முன்கூட்டியே எழுதும் திட்டம்), நுண்ணிலைக் கற்பித்தல் (ஒரே ஒரு கற்பித்தல் திறனைச் சில நிமிடங்களில் பழகிப் பார்க்கும் பயிற்சி), உளவியல் சோதனைகள், தேர்வும் மதிப்பீடும், தனியாள் ஆய்வு, செயலாராய்ச்சி என்று மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்க வேண்டிய ரெக்கார்டுகளின் பெரும்பகுதி ஒரு சில இரவுகளுக்குள் எழுதி முடிக்கப்படுகிறது. புறத்தேர்வாளர் வரும் நாளில் அவை பழுப்பு அட்டை போடப்பட்டு, ஓரக்கோடு இழுக்கப்பட்டு, மேசைமேல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே இருப்பவற்றில் எவ்வளவு அந்தந்த நாளில் எழுதப்பட்டது என்பது எழுதியவருக்கும் தெரியும், திருத்தியவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசிக்கொள்வதில்லை.

கணிதம் கற்பிக்கும் முறை என்ற தாளைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் எனக்கு, இந்தத் தாமதத்தைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. இதே மாணவ ஆசிரியர்கள் உளவியல் தாளில் மெட்டகாக்னிஷன், அதாவது தன் சிந்தனையைத் தானே கவனித்து நெறிப்படுத்தும் திறன், என்ற தலைப்பில் பிழையில்லாமல் விடை எழுதுகிறார்கள். 1970களில் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளேவெல் இந்தக் கருத்தை முன்வைத்ததை எழுதுகிறார்கள். கிரெகரி ஷ்ராவும் ரேய்ன் டெனிசனும் 1994இல் உருவாக்கிய 52 கூற்றுகள் கொண்ட அளவுகோல் இத்திறனை இரண்டாகப் பிரிக்கிறது என்பதையும், ஒன்று தன் அறிதலைப் பற்றிய அறிவு, மற்றொன்று அறிதலைத் திட்டமிட்டு, கண்காணித்து, திருத்திக்கொள்ளும் செயல் என்பதையும் எழுதுகிறார்கள். அந்த விடையை எழுதிவிட்டு அறைக்குத் திரும்பியதும், பாடக்குறிப்பு ரெக்கார்டை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைக்கிறார்கள். தேர்வுக்காகப் படித்த ஒன்று தன் மேசைக்கும் பொருந்தும் என்று அவர்களிடம் யாரும் சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

முதலில் எதைத் தள்ளிப்போடுதல் என்று சொல்வது என்பதில் நான் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் கல்லூரிகளில் இந்தக் குற்றச்சாட்டு எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழுகிறது. கனடா நாட்டு ஆய்வாளர் பியர்ஸ் ஸ்டீல் 2007இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி எழுதிய கட்டுரையில் தெளிவான வரையறை ஒன்றைத் தந்தார்: தாமதித்தால் தனக்கே கெடுதல் என்று எதிர்பார்த்தும், செய்ய நினைத்த செயலைத் தானாகவே தாமதிப்பதுதான் தள்ளிப்போடுதல். இதில் 'தானாகவே' என்ற சொல்லை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். பி.எட். படிக்க வருபவர்களில் திருமணமாகி, கைக்குழந்தையோடு, இரண்டு பேருந்து மாறி வருகிற பெண்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் இரவு சமையலறையை ஒழித்துப் போட்டு, பிள்ளை தூங்கிய பிறகுதான் ரெக்கார்டைத் திறக்க முடிகிறது என்றால் அதற்குப் பெயர் நேரமின்மை. அவரை உட்கார வைத்து நேர மேலாண்மை வகுப்பு எடுப்பது அநியாயம். மாறாக, மதியம் முழுவதும் ஓய்வு இருந்தும், செய்யாவிட்டால் சங்கடம் என்று தெரிந்தும், நோட்டைத் திறக்காமல் இருப்பவரின் நிலை வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ரெக்கார்டு வரவில்லை என்பது மட்டும்தான் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் குறிக்கப்படும். எது தன் நிலை என்று பிரித்துச் சொல்லக்கூடியவர் அந்த மாணவர் ஒருவர்தான். அதற்கு அவருக்குத் தன்னைக் கவனிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, நேரம் இருந்தும் ஏன் திறக்கவில்லை? சோம்பல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். லாரா சாலமனும் எஸ்தர் ராத்ப்ளமும் 1984இலேயே கல்லூரி மாணவர்களிடம் காரணங்களைக் கேட்டு ஆராய்ந்தபோது, தோல்வி பயமும், செய்ய வேண்டிய வேலையின் மீதான வெறுப்பும் முன்னால் வந்தன. பின்னர் ஃபியூஷா சிரோய்ஸ், டிமோதி பிச்சில் ஆகிய இருவரும் 2013இல் இதை இன்னும் நெருக்கமாகச் சொன்னார்கள்: தள்ளிப்போடுபவர் நேரத்தைச் சமாளிக்கத் தவறுவதைவிட, அந்த வேலையைத் தொட்டவுடன் எழும் மனக்கசப்பைச் சமாளிக்கத்தான் தவறுகிறார், வேலையை ஒத்திவைத்ததும் கசப்பு அப்போதைக்கு மறைகிறது, அந்த நிம்மதியே அடுத்த முறையும் ஒத்திவைக்கத் தூண்டுகிறது. இந்த நிம்மதிக்கு என்ன விலை என்பதையும் டயான் டைஸ், ராய் பாமைஸ்டர் ஆகியோரின் 1997ஆம் ஆண்டு ஆய்வு காட்டியிருக்கிறது. பருவத்தின் தொடக்கத்தில் தள்ளிப்போடுபவர்கள் மற்றவர்களைவிட மன அழுத்தம் குறைந்தவர்களாகவும் நலமாகவும் இருந்தார்கள். பருவத்தின் முடிவில் அந்தக் கணக்கு தலைகீழாகி, அழுத்தமும் நோயும் கூடின, மதிப்பெண்ணும் குறைந்தது.

இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு என் மாணவர்களின் நோட்டுகளைப் பார்த்தபோதுதான், மனக்கசப்பு என்ற அந்தப் பொதுச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தேடத் தோன்றியது. அதற்காக ஒரு சிறு ஏற்பாடு செய்தேன். பாடக்குறிப்பு எழுத உட்காரும் முன் நோட்டின் இடது ஓரத்தில் பென்சிலால் இரண்டு விஷயங்களை எழுத வேண்டும்: இது முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறேன், இந்தப் பாடம் எனக்கு எந்த அளவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். முடித்த பிறகு கீழே இன்னும் இரண்டு: உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது, எந்த இடத்தில் பேனா நின்றது. இதற்கு மதிப்பெண் கிடையாது, திருத்தமும் கிடையாது, எழுத்து அழகாக இருக்க வேண்டிய அவசியமும் கிடையாது. ரெக்கார்டைச் சமர்ப்பிக்கும் முன் விரும்பினால் அழித்துவிடலாம் என்றும் சொன்னேன்.

நேரக் கணிப்பு தவறும் என்பது எனக்கு வியப்பாக இல்லை. ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பட்டப்படிப்பின் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் தமக்குச் சராசரியாக 34 நாட்கள் ஆகும் என்று கணித்தார்கள். எல்லாமே கெட்டுப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு ஏறக்குறைய 49 நாட்கள் என்றார்கள். ஆனதோ 55 நாட்களுக்கு மேல். மோசமான நிலையை நினைத்துச் சொன்ன கணக்கைக்கூட நடப்பு மிஞ்சிவிட்டது என்றால், 'ஒரு ராத்திரியில முடிச்சிடலாம் மேடம்' என்று என்னிடம் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் அதை மனதார நம்பிச் சொல்கிறார்கள். நோட்டின் ஓரத்தில் தன் கணிப்பும் நடப்பும் ஒன்றன்கீழ் ஒன்றாக, தன் கையெழுத்திலேயே இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போதுதான் அந்த நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்துகிறது.

ஆனால் 'எந்த இடத்தில் பேனா நின்றது' என்ற நான்காவது வரிதான் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது. எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் ஒருபடிச் சமன்பாடுகளுக்குப் பாடக்குறிப்பு எழுத வேண்டிய ஒரு மாணவி, கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். பாடம் எந்த அளவுக்குத் தெரியும் என்ற இடத்தில் 'முழுவதும்' என்று எழுதியிருந்தார். நேரம் என்ற இடத்தில் முக்கால் மணி என்று இருந்தது. பாடக்குறிப்பு வரவேண்டிய நாளில் வரவில்லை. அதற்குப் பதிலாக மிக அழகான சார்ட் ஒன்று வந்தது. ஒரு தராசு, இடது தட்டில் ஓர் எண்ணின் மூன்று மடங்கும் அதோடு 5 எடைக்கற்களும், வலது தட்டில் 20 எடைக்கற்கள். தட்டுகளுக்கு வெள்ளித் தாள் ஒட்டி, சங்கிலிக்கு நூல் கோத்து, எழுத்துகளுக்கு நிழல் கொடுத்து, ஒரு முழு மாலை அதில் செலவாகியிருந்தது.

பாதியில் நின்ற பாடக்குறிப்பு நோட்டை வைத்து உட்கார்ந்து, 'எந்த இடத்துல நின்னீங்க?' என்று கேட்டேன். 'மூடே வரல மேடம்' என்றார். சற்று நேரம் கழித்து, 'அஞ்சு அந்தப் பக்கம் போனா ஏன் மைனஸ் ஆகுதுன்னு ஒரு பையன் கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல. கிளைவினா எழுதுற கட்டம் வந்ததும் நோட்ட மூடிட்டேன்' என்றார். மாணவர் சொல்லும் விடையைத் தொடர்ந்து இன்னும் ஆழமாகக் கேட்கும் கேள்விதான் கிளைவினா. சமன்பாட்டைத் தீர்க்க அவருக்கு மூச்சு விடும் நேரம்கூட வேண்டாம். பள்ளிக்காலம் முதல் 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்ற விதியை வைத்தே எல்லாவற்றையும் தீர்த்து வந்திருக்கிறார். இரண்டு பக்கமும் 5 ஐ எடுத்தால் சமநிலை குலையாது என்பதுதான் காரணம். அந்தக் காரணம் அவர் வரைந்த சார்ட்டிலேயே இருந்தது. வெள்ளித் தாள் ஒட்டிய அந்த இரண்டு தட்டுகளிலிருந்தும் ஐந்து ஐந்து கற்களை எடுத்துக் காட்டினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிந்துவிடும். வரைந்த கை அதைத் தொட்டுக்கொண்டே இருந்தது, மனம் அதைக் கேள்வியாக எடுக்கவில்லை.

தள்ளிப்போடுதலின் அடியில் பெரும்பாலும் இப்படி ஒரு குறிப்பிட்ட தெரியாமை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அந்தத் தெரியாமை 'எனக்கு இது தெரியவில்லை' என்ற வாக்கியமாக வருவதில்லை. சலிப்பாக வருகிறது, தலைவலியாக வருகிறது, 'மூடு இல்லை' என்று வருகிறது. தெரிந்தது என்று நம்பிய ஒன்று தெரியவில்லை என்று உணரும் நொடி, முதுகலை முடித்தவருக்கு வெட்கம் தரும் நொடி. மனம் அதைச் சொல்லாக மாற்றும் முன்பே கை நோட்டை மூடிவிடுகிறது. ஃபிளேவெல் தன் 1979ஆம் ஆண்டுக் கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு சோதனையைக் குறிப்பிடுகிறார்: சிறுவர்களிடம் சில பொருட்களைக் கொடுத்து, ஒன்றுவிடாமல் நினைவுகூர முடியும் என்று உறுதியாகும்வரை படிக்கச் சொன்னபோது, பெரிய குழந்தைகள் தயார் என்று சொன்னால் பெரும்பாலும் தயாராகவே இருந்தார்கள், சிறிய குழந்தைகள் தயார் என்று சொல்லிவிட்டு நினைவுகூர முடியாமல் நின்றார்கள். வயது ஏறினால் இது சரியாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். புதிதாக ஒரு வேலையைத் தொடங்கும் பெரியவரும் அந்த வேலையில் சிறு குழந்தையின் நிலையில்தான் இருக்கிறார். கணக்கைத் தீர்ப்பதில் முதிர்ந்தவர், கற்பிப்பதில் அன்றுதான் முதல் அடி வைக்கிறார்.

சார்ட்டைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். செல்பேசியில் மூழ்கியிருந்தால் வேலையைத் தள்ளிப்போடுகிறோம் என்று உள்ளூர ஒரு குத்தல் இருக்கும். சார்ட் ஒட்டும்போது அந்தக் குத்தல் இல்லை, ஏனென்றால் அதுவும் வேலைதான். துணைக்கருவிக்கு மதிப்பெண் உண்டு, தோழிகள் பாராட்டுவார்கள், நாங்களும் கண்காட்சியில் வைப்போம். கடினமான வேலையிலிருந்து ஒதுங்க இதைவிடக் கௌரவமான இடம் ஆசிரியர் பயிற்சியில் கிடையாது. தெர்மகோல் வெட்டுவதற்கு எதிராக நான் எதுவும் சொல்லவில்லை. எந்த வேலையை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தேன் என்று வெட்டுகிறவர் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.

தன்னைக் கவனிக்கும் பழக்கத்தைக் கற்றுத்தருவதற்கென்றே எங்கள் படிப்பில் ஒரு பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய நுண்ணிலைக் கற்பித்தல் இந்தியாவுக்கு வந்தபோது, 36 நிமிடச் சுழற்சியாக இங்கே வடிவம் பெற்றது. 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறுதிட்டமிடல், 6 நிமிடம் மறுபடி கற்பித்தல், 6 நிமிடம் மறுபடி பின்னூட்டம். இதில் அதிக நேரம் எதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒருமுறை கற்பிப்பதற்கு ஒதுக்கியதைப் போல இரண்டு மடங்கு நேரம், நடந்ததைத் திரும்பிப் பார்த்து மாற்றி அமைப்பதற்குத் தரப்பட்டிருக்கிறது. அந்த 12 நிமிடங்களில்தான் ஒருவர் 'நான் கேட்ட கிளைவினா உண்மையில் விடையையே சொல்லிக்கொடுத்துவிட்டது' என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நடப்பில் அந்த 12 நிமிடங்கள்தான் முதலில் காணாமல் போகின்றன. ஒரு வகுப்பில் எத்தனையோ பேர் செய்து முடிக்க வேண்டும், மணி அடித்துவிடும், ஆகவே கற்பித்தவுடன் 'நல்லா இருந்துச்சு, குரல் கொஞ்சம் ஏத்திப் பேசலாம்' என்று பின்னூட்டம் சொல்லி அடுத்தவரை அழைத்துவிடுகிறோம். மறுபடி கற்பித்தல் நடப்பதில்லை. பின்னால் ரெக்கார்டில் முதல் கற்பித்தலுக்கு ஒரு மதிப்பீடும், மறு கற்பித்தலுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலான மதிப்பீடும் உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பப்படுகின்றன. பள்ளிப் பயிற்சியின் பிரதிபலிப்புப் பக்கங்களும் அப்படியே. 'பாடம் சிறப்பாக அமைந்தது. மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். நேர மேலாண்மையில் இன்னும் கவனம் தேவை.' இந்த மூன்று வாக்கியங்களும் வகுப்பு மாறினாலும், பாடம் மாறினாலும், ஆண்டு மாறினாலும் மாறாமல் வருகின்றன. தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டிய இடத்தில் அடுத்தவர் நோட்டைத் திரும்பிப் பார்த்து எழுதுவதை மாணவர்களின் குறையாக மட்டும் நான் காணவில்லை. எல்லா ரெக்கார்டுக்கும் ஒரே கடைசி நாளைக் குறித்து, அழகான கையெழுத்துக்கும் பிழையற்ற அமைப்புக்கும் மதிப்பெண் வைத்து, தயங்கி அடித்துத் திருத்திய பக்கத்தை 'ஃபேர் பண்ணிட்டு வாங்க' என்று திருப்பி அனுப்பும் எங்கள் முறைதான் இதைக் கற்றுத்தருகிறது.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி பி.எட். படிப்பு இரண்டு ஆண்டுகளாக நீண்டது. பள்ளியோடு தொடர்புடைய பயிற்சி மொத்தம் 20 வாரங்களாக உயர்ந்தது. 'தன்னை அறிதல்' என்பதற்கே பாடத்திட்டத்தில் தனி இடம் தரப்பட்டது. நல்ல நோக்கம், போதுமான காலம், இரண்டும் இருக்கின்றன. அந்தக் காலம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதில்தான் குறை. டான் அரியலியும் கிளாஸ் வெர்டன்ப்ரோக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவு மாணவர்களுக்கு மூன்று கட்டுரைகளுக்கும் சம இடைவெளியில் கடைசி நாட்களை ஆசிரியரே குறித்தார். மற்றொரு பிரிவினர் தாங்களே குறித்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டனர். அப்படி விடப்பட்டவர்களில் பலர் பருவத்தின் இறுதிநாள் வரை காத்திருக்க உரிமை இருந்தும் அதற்கு முன்பே நாள் குறித்துக்கொண்டார்கள். தங்கள் பலவீனம் அவர்களுக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் சம இடைவெளியில் நாள் குறிக்கப்பட்ட பிரிவினரே கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். தன்னைப் பற்றித் தெரிந்திருப்பது உதவுகிறது, ஆனால் தனியாக அது போதாது. அதைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஏற்பாடும் வேண்டும்.

தன்னைக் கவனிப்பது என்று சொன்னவுடன் பலர் தன்னைத் திட்டிக்கொள்ளத் தொடங்குகிறார்கள். ஓரக் குறிப்பில் 'நான் சோம்பேறி', 'எனக்கு ஒழுக்கம் இல்லை' என்று எழுதிய நோட்டுகளும் வந்தன. அவற்றுக்குக் கீழே நான், 'இது தீர்ப்பு. எந்த இடத்தில் நின்றது என்று எழுதுங்கள்' என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தேன். சோம்பேறி என்று எழுதியவுடன் தேடல் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் பார்க்க எதுவும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. கனடாவில் மைக்கேல் வோல், பிச்சில், ஷேனன் பென்னட் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்கு அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை என்று தெரிந்தது. கண்டிப்பே திருத்தும் என்று வளர்ந்த நமக்கு இது ஏற்பதற்குக் கடினம். ஆனால் வெட்கப்பட்டு ஒதுங்கிய இடத்துக்கே மேலும் வெட்கத்தைச் சுமந்துகொண்டு திரும்பிப் போக யாருக்குத்தான் மனம் வரும்?

ஒரு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் உள்விவகாரம்தானே இது என்று யாரும் நினைக்க வேண்டாம். பள்ளிப் பயிற்சியில் மாணவ ஆசிரியர்கள் வகுப்புக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைச் சந்திக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, 'ஏன் எழுதல?' அதற்குப் பிள்ளைகளிடம் பதில் இல்லை; நோட்டை மறந்துவிட்டேன், ஊருக்குப் போயிருந்தேன், காய்ச்சல் என்று ஏதாவது வரும். தராசு வரைந்த அந்த மாணவி பயிற்சிக்குச் சென்ற அரசுப் பள்ளிக்கு நான் பார்வையிடப் போனபோது, கடைசி வரிசையில் தலைகுனிந்து நின்ற ஒரு பையனிடம் அவர் நோட்டை வாங்கித் திறந்து வைத்து, 'எது வரைக்கும் போட்ட, எந்த இடத்துல நின்னுச்சு?' என்று கேட்டார். பையன் விரலை வைத்துக் காட்டினான். மூன்றாவது கணக்கில், சமக்குறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி வந்த இடம். அவனுக்கு இருந்த தெரியாமை ஒரே ஒரு வரி. அதை அவன் இரண்டு நாட்களாகக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்தக் கல்வியாண்டில் என் தாளுக்கு மட்டும் ஒரு மாற்றம் செய்ய அனுமதி கேட்டிருக்கிறேன். பாடக்குறிப்புகள் மொத்தமாக வர வேண்டாம். வாரம் ஒன்றாக, அடித்தல் திருத்தலோடு, ஓரக் குறிப்பு அழிக்கப்படாமல் வரட்டும். நுண்ணிலைக் கற்பித்தலில் திறன்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு திறனிலாவது 36 நிமிடங்களும் முழுமையாகக் கிடைக்கட்டும். புறத்தேர்வாளர் கேட்டால் ஃபேர் நோட்டு எங்கே என்ற கேள்விக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். வகுப்பின் எண்ணிக்கையைப் பார்த்தால் நேரம் இடிக்கத்தான் செய்யும். மறுதிட்டமிடலை இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் மற்றவரிடம் எங்கே நின்றது என்று கேட்கும்படி அமைத்தால் பாதி நேரத்தில் முடியுமா என்று வருகிற மாதம் பார்க்கப் போகிறேன்.